யார் சம்பளத்தில் இருப்பவர்? பேருந்துச் சண்டைகளும் தண்டனையின் அளவும்

1. கேள்வி

ஈரோட்டிலிருந்து கோபிச்செட்டிபாளையத்துக்கு அரசுப் பேருந்தும் ஓடுகிறது, தனியார் பேருந்தும் ஓடுகிறது. இரண்டிலும் ஒரே நெரிசல். சில்லறைக்கும் நிறுத்தத்துக்கும் படிக்கட்டுக்கும் ஒரே மாதிரியான வாய்த்தகராறு. தகராறு முற்றிப் பயணி ஒருவர் நடத்துநரை அறைகிறார், உதடு கிழிகிறது என்று வைத்துக்கொள்வோம். அது அரசுப் பேருந்து என்றால் பயணிக்கு 5 ஆண்டு வரை சிறை விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. தனியார் பேருந்து என்றால் 1 ஆண்டு வரைதான். அரசுப் பேருந்தின் நடத்துநர் பயணியை அதே போல் அறைந்தாலும் 1 ஆண்டு வரைதான். கை ஒன்று, காயம் ஒன்று, சாலையும் ஒன்று. தண்டனையின் உச்சவரம்பு மட்டும் ஐந்து மடங்கு மாறுகிறது.

இதைப் பற்றி நம்மிடையே இரண்டு கருத்துகள் புழங்குகின்றன. போக்குவரத்துத் தொழிற்சங்கங்கள், ஊழியர்கள் நாள்தோறும் அடிபடுகிறார்கள், சட்டம் இன்னும் கடுமையாக வேண்டும் என்கின்றன. பயணிகள் தரப்போ, ‘அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்தல்’ என்ற பிரிவு சாமானியர்மேல் வீசப்படும் ஆயுதமாகிவிட்டது என்கிறது. இரு தரப்பும் தண்டனை கூடுதலா குறைவா என்றே வாதிடுகின்றன. எந்த அடிப்படையில் அது கூடுகிறது என்பதை இருவருமே தொடுவதில்லை. அந்த அடிப்படையைத்தான் இக்கட்டுரை பரிசீலிக்கிறது. நம் சட்டம் அடியை எடைபோடவில்லை, அடிபட்டவரின் சம்பளப் பட்டியலை எடைபோடுகிறது என்பது என் வாதம்.

2. பிரிவுகளின் ஏணி

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. அதன் 115(2) பிரிவு (பழைய 323) சாதாரணக் காயத்துக்கு 1 ஆண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. இரண்டையும் சேர்த்தும் விதிக்கலாம். பொது ஊழியரின் கடமையைத் தடுக்கும் நோக்கத்துடன் ஏற்படுத்தப்படும் காயத்துக்கு 121(1) பிரிவு (பழைய 332). முன்பு 3 ஆண்டாக இருந்த உச்சவரம்பு இப்போது 5 ஆண்டு. கொடுங்காயம் என்றால் 121(2): குறைந்தது 1 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு. காயமே இல்லை, சட்டையைப் பிடித்துத் தள்ளியதுதான் என்றால் 132ஆம் பிரிவு (பழைய 353), 2 ஆண்டு வரை.

ஆண்டுக் கணக்கைவிட முக்கியமான வேறுபாடு காவல் நிலைய வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. 121, 132 இரண்டும் நீதிமன்ற உத்தரவின்றிக் கைது செய்யத்தக்கவை, பிணையில் விடத்தகாதவை. 115(2) அப்படியல்ல. அதில் நடுவரின் அனுமதியின்றிப் புலனாய்வே கூடாது. ஆகவே நடத்துநர் புகார் கொடுத்தால் முதல் தகவல் அறிக்கை. பயணி புகார் கொடுத்தால் பெரும்பாலும் ஒரு சி.எஸ்.ஆர். (சமூக சேவைப் பதிவேடு) ரசீது. அதை வழக்காக்க நினைக்கும் எழுத்தர் ஆபாச வார்த்தைக்கான 296ஐ (பழைய 294(பி)) கூடவே எழுதிக்கொள்வார், அது கைது செய்யத்தக்க குற்றம் என்பதால். தமிழ்நாட்டு முதல் தகவல் அறிக்கைகளைப் புரட்டியவர்களுக்கு இந்தக் கூட்டணி பழக்கமானதே.

இருவருமே அரசு மருத்துவமனையில் சேர்ந்து, இருவருமே ஏ.ஆர். காப்பியோடு (விபத்துப் பதிவேட்டின் நகலோடு) வந்தால்? காவல் நிலையாணை 566 (பழைய 588-அ) எதிரெதிர் வழக்குகளைச் சேர்த்தே விசாரித்து, முதலில் வம்புக்குப் போனவர் யார் என்று கண்டறியச் சொல்கிறது. ஆனால் பேருந்து நிலையத்தில் முப்பது பேருந்துகள் வரிசையாக நின்று, ‘கைது செய்தால்தான் வண்டியை எடுப்போம்’ என்று ஓட்டுநர்கள் இறங்கி நிற்கும் மாலையில் அந்த நிலையாணையை யார் நினைத்துப் பார்ப்பார்கள்? ஊழியர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தனியார் பேருந்து நடத்துநருக்கு இந்தக் கூட்டு வலிமை கிடையாது. அவர் வழக்கின் வேகமும் அதற்கேற்பவே இருக்கும்.

பிரிவின் வரம்புகளை நீதிமன்றங்கள் அவ்வப்போது நினைவூட்டியுள்ளன. மானிக் தனேஜா எதிர் கர்நாடக அரசு (2015) வழக்கில், பெங்களூரு போக்குவரத்துக் காவல்துறையின் முகநூல் பக்கத்தில் புகார் எழுதியவர்மீது 353 பாய்ச்சப்பட்டது. தாக்குதலோ பலப்பிரயோகமோ இல்லாத இடத்தில் அந்தப் பிரிவு நிற்காது என்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. கத்திப் பேசுவது மட்டும் 132 ஆகாது என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

3. 1964: வேறெதற்கோ வந்த கவசம்

நடத்துநர் எப்போது ‘பொது ஊழியர்’ ஆனார்? 332, 353 இரண்டும் 1860ஆம் ஆண்டின் பிரிவுகள். வாரண்டோடு போகும் அமீனாவையும் வரி வசூலிக்கும் சிப்பந்தியையும் அடிப்பவரை அடக்க எழுதப்பட்டவை. அரசாங்கத்தின் கை ஊருக்குள் நுழையும்போது அதைத் தட்டிவிடக் கூடாது என்ற காலனியக் கவலை அது. அப்போது பேருந்தும் இல்லை, நடத்துநரும் இல்லை.

அவரை உள்ளே கொண்டுவந்தது 1964ஆம் ஆண்டின் 40ஆம் சட்டம். அதன் பெயர் ஊழல் தடுப்புச் சட்டங்கள் (திருத்தம்) சட்டம். கே. சந்தானம் தலைமையிலான குழுவின் பரிந்துரைகளை ஒட்டி வந்தது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 21ஆம் பிரிவின் பன்னிரண்டாவது கூறை மாற்றி எழுதி, சட்டத்தால் அமைந்த கழகங்களிலும் அரசு நிறுவனங்களிலும் ‘பணியிலோ சம்பளத்திலோ’ இருப்பவர்களைப் பொது ஊழியராக்கியது. பொதுத்துறையில் லஞ்சம் வாங்குபவர் ‘நான் அரசு ஊழியனல்ல’ என்று நழுவாமலிருக்கப் போட்ட வலை அது. சந்தானமே நேரு ஆட்சியில் ரயில்வே, போக்குவரத்துத் துறையின் இணையமைச்சராக இருந்தவர். இருந்தும் அந்தத் திருத்தத்தின் கவலை ஊழல்தான், பேருந்தில் விழும் அடி அல்ல.

1972இல் தமிழ்நாடு பேருந்துகளைப் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று கழகங்களாக்கியபோது அவை கம்பெனிச் சட்டத்தின்கீழ் அரசு நிறுவனங்களாகப் பதிவாயின. அவற்றின் ஊழியர்கள் அந்த வலைக்குள் தாமாகவே வந்து சேர்ந்தார்கள். கேரளம், கர்நாடகம் போன்ற மாநிலங்களின் கழகங்கள் 1950ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துக் கழகச் சட்டத்தின்கீழ் அமைந்தவை. அங்கே 43ஆம் பிரிவு ஊழியர்களை நேரடியாகவே பொது ஊழியர் என்கிறது. வழி எதுவானாலும், நடத்துநர் ஆற்றும் வேலையின் ஆபத்தைப் பார்த்து யாரும் அவருக்கு இந்தப் பாதுகாப்பைத் தரவில்லை. அவர் முதலாளி யார் என்பதிலிருந்து அது வழிந்து வந்தது.

கவசம் ஒரு பக்கம்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். பொது ஊழியர்மீது வழக்கு நடத்த அரசின் முன்அனுமதி வேண்டும் என்ற அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 197ஆம் பிரிவு அரசு நிறுவன ஊழியர்களுக்குப் பொருந்தாது என்று முகமது ஹாதி ராஜா எதிர் பீகார் அரசு (1998) வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவிட்டது. அடிபடும்போது நடத்துநர் அரசின் ஆள். அடித்து மாட்டிக்கொண்டால் அனுமதி கேட்கும் சலுகை இல்லாத தனி ஆள்.

4. எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது

சம்பளப் பட்டியலை அளவுகோலாக வைத்தால் என்ன ஆகும் என்பதை ஏர் இந்தியா காட்டுகிறது. 2017 மார்ச்சில் மக்களவை உறுப்பினர் ரவீந்திர கெய்க்வாட் ஏர் இந்தியா அதிகாரி ஒருவரைச் செருப்பால் அடித்ததாக எழுந்த விவகாரம் நாட்டையே உலுக்கியது. அதன் தொடர்ச்சியாக அதே ஆண்டு செப்டம்பரில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் பறக்கத் தடைப் பட்டியல் விதிகளைக் கொண்டுவந்தது: வாய்வழி அத்துமீறலுக்கு 3 மாதம் வரை, உடல்ரீதியான அத்துமீறலுக்கு 6 மாதம் வரை, உயிருக்கு ஆபத்தான நடத்தைக்குக் குறைந்தது 2 ஆண்டு தடை. அன்று ஏர் இந்தியா அரசு நிறுவனம். அதன் ஊழியர்கள் பொது ஊழியர்கள். 2022 ஜனவரி 27 அன்று நிறுவனம் டாடா குழுமத்தின் கைக்குப் போனது. மறுநாள் அதே சீருடையில் அதே வேலைக்கு வந்தவர்களுக்கு 332, 353 கிடையாது. பங்கு கைமாறியது தவிர அவர்கள் வேலையில் எதுவும் மாறவில்லை.

சென்னையில் இந்தக் கோடு ஒரே பேருந்துக்குள் ஓடுகிறது. 2025 ஜூன் இறுதியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து இயங்கத் தொடங்கிய மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் மின்சாரப் பேருந்துகளில் நடத்துநர் கழகத்தின் ஊழியர். ஓட்டுநர் ஒப்பந்தத் தனியார் நிறுவனத்தின் ஆள். டிக்கெட் கொடுப்பவரைத் தள்ளினால் 132. ஸ்டியரிங் பிடித்திருப்பவரை அடித்தால், அவர் கழகத்தின் ‘பணியில்’ இருப்பவரா என்று வாதிட்டுத்தான் தீர்க்க வேண்டும். ஐம்பது பேரின் உயிர் யார் கையில் இருக்கிறதோ அவருக்கே பாதுகாப்பு ஐயத்துக்குரியது.

ஓடும் வண்டியின் ஓட்டுநரைத் தாக்குவதற்கெனத் தனிக் குற்றமே நம் சாலைச் சட்டத்தில் இல்லை. பிறர் உயிருக்கு ஆபத்து விளைவித்தல் என்ற நியாய சன்ஹிதாவின் 125ஆம் பிரிவுக்குப் போனால், காயம் ஏதும் நேராதவரை, 3 மாதம் அல்லது 2,500 ரூபாயோடு முடிந்துவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 125ஆம் பிரிவோ (எண் ஒற்றுமை தற்செயல்) ஓட்டுநரைத் திணறவைக்கும்படி யாரையும் உட்காரவோ நிற்கவோ விடக் கூடாது என்கிறது. கடமையைச் சுமத்தியிருப்பது இடையூறு செய்பவர்மேல் அல்ல, ஓட்டுநர்மேல்! கட்டளையிடும்போதும் சட்டத்தின் கண்ணில் படுபவர் அவர்தான்.

வேறு வழி இந்தியச் சட்டத்துக்குத் தெரியாது என்று சொல்லவும் முடியாது. பறந்துகொண்டிருக்கும் விமானத்தில், அதன் பாதுகாப்புக்கு ஆபத்து நேரும் விதத்தில் ஒருவரைத் தாக்கினால் ஆயுள் தண்டனை என்கிறது 1982ஆம் ஆண்டின் விமானப் பாதுகாப்புச் சட்டம். அடிபட்டவர் பைலட்டா பயணியா, அரசு நிறுவனமா தனியாரா என்று அது கேட்பதில்லை. தமிழ்நாட்டின் 2008ஆம் ஆண்டு மருத்துவப் பணியாளர் பாதுகாப்புச் சட்டமும் தனியார் மருத்துவமனைகளைச் சேர்த்தே காக்கிறது. பேருந்து மட்டும் 1860க்கும் 1964க்கும் நடுவே நின்றுகொண்டிருக்கிறது.

5. அடிபட்டவர் பயணி என்றால்

பேருந்துக்குள் பயணியின் நிலை விசித்திரமானது. கடைக்காரரோடு சண்டை என்றால் எழுந்து போய்விடலாம். ஓடும் பேருந்தில் கதவும் விசிலும் நடத்துநர் வசம். இரவு பத்து மணிக்கு வயதான ஒருவரை ஊருக்கு வெளியே இறக்கிவிடும் அதிகாரம், சட்டப்படி இல்லாவிட்டாலும், நடைமுறையில் அவரிடம் உண்டு. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபின், ‘ஓசி’ என்ற சொல்லும் நிறுத்தாமல் போகும் பேருந்தும் எத்தனை தகராறுகளைக் கிளப்பின என்பது தமிழ்நாட்டார்க்குத் தெரியும். அவற்றில் சில கைகலப்பில் முடிந்தாலும், அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்திய ஊழியர் என்பதற்காகத் தண்டனை ஒரு மாதம்கூடக் கூடுவதில்லை. 115(2) அவரைத் தெருவில் சண்டை போட்ட இருவரில் ஒருவராகவே பார்க்கிறது.

ஒரு விதிவிலக்கைக் குறிப்பிட வேண்டும். 2022இல் தமிழ்நாடு மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தம், பெண்களை முறைத்துப் பார்த்தல், விசிலடித்தல், படமெடுத்தல் போன்றவற்றில் ஈடுபடும் ஆண் பயணியை இறக்கிவிடவோ காவல் நிலையத்தில் ஒப்படைக்கவோ நடத்துநருக்கு அதிகாரம் தந்தது. கூடவே, ஏற உதவுகிறேன் என்ற சாக்கில் பெண்களைத் தொடும் நடத்துநரையும் கண்டித்தது. அதிகாரம் தரும் இடத்திலேயே அதன் துஷ்பிரயோகத்தையும் சேர்த்து எழுதிய அரிய உதாரணம் இது. ஆனால் இது விதி மட்டுமே. தண்டனையின் அளவை இது மாற்றுவதில்லை.

6. தீர்ப்பு நாளில் நடப்பது

உச்சவரம்பு 5 ஆண்டு என்பதால் 5 ஆண்டு விழும் என்று யாரும் நினைப்பதில்லை. இந்தியாவில் தண்டனை அளவுக்கான வழிகாட்டு நெறிகளே இல்லை. மலிமத் குழு 2003இல் அவற்றின் தேவையை வலியுறுத்தியது; பஞ்சாப் அரசு எதிர் பிரேம் சாகர் (2008) தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் அந்த வெறுமையைச் சுட்டியது. ஆகவே ஒரு நடுவர் ‘நீதிமன்றம் கலையும்வரை’ நிற்கவைத்து அபராதம் போடலாம், இன்னொருவர் ஓராண்டு கொடுக்கலாம். இரண்டும் சட்டத்துக்குள்தான்.

1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டமும் இருக்கிறது. 2 ஆண்டுக்கு மேற்படாத தண்டனையுள்ள குற்றங்களில் முதல்முறை குற்றவாளியைக் கண்டித்து அனுப்ப 3ஆம் பிரிவு வழிவிடுகிறது. 115(2), 132 அதில் அடங்கும், 121(1) அடங்காது. அதற்கு 4ஆம் பிரிவின்படி நன்னடத்தைப் பிணை உண்டு. 21 வயது நிறையாதவரைச் சிறைக்கு அனுப்பக் காரணம் எழுதியாக வேண்டும் என்கிறது 6ஆம் பிரிவு. படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்து நடத்துநரோடு மல்லுக்கு நின்ற கல்லூரி மாணவருக்கு இதுவே பொருந்தும்.

ஆனால் அவருக்கான உண்மையான தண்டனை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. பிணை கிடைக்கும்வரை சிறை, வாய்தாவுக்கு வாய்தா அலைச்சல், காவலர் பணிக்கு விண்ணப்பிக்கும்போது வழக்கு விவரம் எழுத வேண்டிய கட்டம். நடத்துநரே மனமிரங்கி ‘விட்டுவிடலாம்’ என்றாலும் 121, 132 சமரசத்துக்கு உரியவை அல்ல. உயர் நீதிமன்றத்தின் இயல்பான அதிகாரத்தை (முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482, இப்போது அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528) நாட வேண்டும். ராமநாதபுரத்துப் பையனுக்கு அது மதுரைக் கிளை வரை போகும் செலவு. பயணி அடிபட்ட வழக்கில் 115(2) மட்டுமே என்றால் இருவரும் ஒப்புக்கொண்டு எளிதில் முடித்துக்கொள்ளலாம். பல சமயம் அது நிலையத்திலேயே முடித்துவைக்கவும் படுகிறது. மன்னிப்புக்கே இரண்டு விலை.

ஊழியர் பக்கத்து நஷ்டத்தையும் நேர்மையாகக் கணக்கில் எடுக்க வேண்டும். அடித்த நடத்துநருக்கு சார்ஜ் மெமோ, தற்காலிகப் பணிநீக்கம், உள்விசாரணை, இன்கிரிமென்ட் வெட்டு என்று நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு தண்டனை வரிசை உண்டு. நன்னடத்தையில் விடுவிக்கப்பட்ட ரயில்வே பாயின்ட்ஸ்மேன் ஒருவர் வழக்கில் 1975இல் உச்ச நீதிமன்றம், குற்றத்தீர்ப்பு வந்ததாலேயே வேலை தானாகப் போய்விடாது, சூழ்நிலையை நிர்வாகம் பரிசீலிக்க வேண்டும் என்றது. ஆனால் 1990ஆம் ஆண்டின் பக்ஷி ராம் தீர்ப்பு, நன்னடத்தைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு துறை நடவடிக்கையைத் துடைத்துவிடாது என்று தெளிவாக்கிவிட்டது. பயணிக்கு இந்த இரண்டாம் தண்டனை இல்லை. சட்டம் முற்றிலும் ஊழியர் பக்கம் சாய்ந்திருக்கிறது என்ற வாதம் இந்த இடத்தில் பலமிழக்கிறது.

7. வேறு அடிப்படைகள்

கனடா 2015 பிப்ரவரியில் குற்றவியல் சட்டத்தில் 269.01 பிரிவைச் சேர்த்தது. பணியிலிருக்கும் பொதுப் போக்குவரத்து ஓட்டுநரைத் தாக்கினால் அது தண்டனையைக் கூட்டும் காரணம். பேருந்தோடு டாக்சி, ரயில், படகு, பள்ளிப் பேருந்து எல்லாம் அதில் உண்டு. யாருடைய வாகனம் என்ற கேள்வி இல்லை. இங்கிலாந்தில் 2022ஆம் ஆண்டுச் சட்டம் பொதுமக்களுக்குச் சேவை தரும் எவரையும் தாக்குவதை அப்படிக் கருதச் சொல்கிறது. நீதிபதி அதைத் திறந்த நீதிமன்றத்தில் சொல்லியாக வேண்டும்.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் 1999ஆம் ஆண்டுத் தண்டனை நடைமுறைச் சட்டம் இன்னும் நுட்பமானது. 21ஏ பிரிவு, தொழில் காரணமாக எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்கள் பட்டியலில் டாக்சி, பேருந்து ஓட்டுநர்களையும் பிற போக்குவரத்து ஊழியர்களையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. அதே பிரிவு, நம்பிக்கையையோ அதிகாரத்தையோ தவறாகப் பயன்படுத்திய குற்றவாளிக்கும் தண்டனையைக் கூட்டச் சொல்கிறது. அடிபட்ட ஓட்டுநர், அடித்த நடத்துநர் இருவருக்குமான அளவுகோல் ஒரே பக்கத்தில் இருக்கிறது.

நம் கேள்விக்கு மிக நெருங்கியது சீனாவின் அனுபவம். 2018 அக்டோபர் 28 அன்று சோங்சிங் நகராட்சியின் வான்சோ மாவட்டத்தில், சாலைப்பணியால் பாதை மாறிய பேருந்தில் தன் நிறுத்தத்தைத் தவறவிட்ட பெண் ஒருவர் ஓட்டுநரோடு வாக்குவாதம் செய்து கைப்பேசியால் தாக்கினார். ஓட்டுநர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துத் திருப்பி அடித்தார். பேருந்து எதிரே வந்த காரில் மோதி, பாலத்தின் தடுப்பை உடைத்துக்கொண்டு யாங்சி ஆற்றில் விழுந்தது. உள்ளிருந்த 15 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. 13 உடல்கள்தான் கிடைத்தன. அடித்துக்கொண்ட இருவரைத் தவிர மற்றவர்களுக்கு அந்தச் சண்டையில் பங்கே இல்லை.

2021 மார்ச் முதல் சீனக் குற்றவியல் சட்டத்தின் 133-2 பிரிவு நடைமுறைக்கு வந்தது. ஓடும் பொது வாகனத்தின் ஓட்டுநரைத் தாக்கியோ கட்டுப்பாட்டுக் கருவியைப் பறித்தோ பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்து விளைவித்தால் 1 ஆண்டு வரை சிறை. வண்டி ஓடும்போது பொறுப்பை விட்டுவிட்டு ஓட்டுநர் பிறரோடு அடிதடியில் இறங்கினால் அவருக்கும் அதே தண்டனை. ஓராண்டு என்பது நம் ஐந்தாண்டைவிடச் சிறியது. சீன நீதிமுறையில் பாராட்ட அதிகம் இருப்பதாக நான் நினைக்கவில்லை. ஆனால் இந்தப் பிரிவு யாரைக் காக்கிறது என்பதில் குழப்பமில்லை: பின்னிருக்கைகளில் உட்கார்ந்திருப்பவர்களை. அதனாலேயே ஓட்டுநருக்கும் பயணிக்கும் ஒரே தராசை அதனால் நீட்ட முடிகிறது.

8. இனி

121(1)இன் உச்சவரம்பை 3லிருந்து 5 ஆக்கியபோது போக்குவரத்து ஊழியரின் நிலை தனியே ஆராயப்பட்டதற்கு அந்தப் பிரிவில் தடயமில்லை. அமீனாவும் காவலரும் நடத்துநரும் ஒரே மூட்டையில் கட்டப்பட்டார்கள். சமூக சேவை என்ற புதிய தண்டனை, குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை செய்பவருக்கு (355ஆம் பிரிவு) உண்டு. ஒரு தள்ளு தள்ளியவருக்கு இல்லை. உண்மையில் பயனுள்ளதாக இருந்திருக்கக்கூடிய இடம் அதுதான்.

எனக்குத் தேவையாகப் படுவது ஊழியருக்கென்று இன்னொரு கடும் சட்டம் அல்ல. வண்டி ஓடிக்கொண்டிருந்ததா, அடிபட்டவரால் விலகிப் போக முடிந்திருக்குமா, அடித்தவர் கையில் மற்றவர்மேல் அதிகாரம் இருந்ததா என்பவற்றைத் தண்டனையைக் கூட்டும் காரணங்களாக எழுதும் ஒரு பிரிவு போதும். அது தனியார் பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் பொருந்த வேண்டும்; சிறு காயங்களில் இரு தரப்புக்கும் சமரச வாசலையும் திறந்துவைக்க வேண்டும். தொழிற்சங்கங்கள் இதை ஊழியர் பாதுகாப்பைத் தளர்த்துவதாகப் பார்க்கலாம். ஒப்பந்த ஓட்டுநர்கள் பெருகிவரும் நிலையில், பொது ஊழியர் என்ற குடையை நம்பியிருப்பதே அவர்களுக்கு அதிக ஆபத்து என்று அவர்களிடம் வாதிட இடமிருக்கிறது.

புதிய பிரிவு வரும்வரை நடுவர்கள் கைகட்டி நிற்க வேண்டியதுமில்லை. 115(2) வழக்கானாலும், ஓடும் வண்டியில் நடந்தது என்பதையோ நடத்துநரின் அதிகாரத்தையோ தண்டனைக் காரணமாகத் தீர்ப்பில் எழுத இன்றே தடையில்லை. நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 395ஆம் பிரிவின்கீழ், அடிபட்டவர் நடத்துநரோ பயணியோ, அபராதத் தொகையிலிருந்து இழப்பீடு தர உத்தரவிடவும் முடியும். மின்சாரப் பேருந்தின் ஒப்பந்த ஓட்டுநர் தாக்கப்பட்ட வழக்கு ஒன்று சென்னை நீதிமன்றத்துக்கு வரும்போது ‘பணியிலோ சம்பளத்திலோ’ என்ற 1964ஆம் ஆண்டுச் சொற்களை நீதிபதி எப்படிப் படிப்பார் என்பது திறந்த கேள்வி. சம்பளம் கொடுப்பது யார் என்று பார்த்தால் அவர் வெளியே நிற்பார். யாருடைய வழித்தடத்தில், யாருடைய உத்தரவில் ஓட்டுகிறார் என்று பார்த்தால் உள்ளே வருவார்.